பிள்ளை மேல் அடித்த சீனி வாசம்

“…பின்ன, பால்கோவா கிண்டுற வீட்டுப் பிள்ளை மேல மல்லியப்பூவா மணக்கும்?” என்று சிரித்தார் பால்கோவா மாஸ்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்குக் கடைக்குப் பின்னாலேயே வீடு. தொட்டிலில், பிறந்து ஒரு வாரங்கூட ஆகாத பெண்பிள்ளை. அதன் காதோரம் குனிந்து மோந்துவிட்டு, “இந்தச் சீனி வாசம் எப்ப இருந்து?” என்று ரத்தப்பொட்டம்மா கேட்டதற்குத்தான் அந்தப் பதில். காலையிலிருந்து பிள்ளை பால் குடிக்கவில்லை, அழவுமில்லை. “எம்புட்டு சமத்தாத் தூங்குது பாருங்க” என்றார் மாஸ்டர். நான் அந்த அம்மாவின் கார் டிரைவர். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரத்தப்பொட்டம்மா என்பது ஊர் வைத்த பெயர். ராஜபாளையத்துக்காரர். தலை நரைக்கும்வரை சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர். உணவை உடம்பு செலவழிப்பதில் பரம்பரையாக இறங்கும் கோளாறுகளே அவர் ஆராய்ச்சி. காரணம் தெரியாமல் பச்சைப்பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளைத் தேடிப் போவார். அடுத்துப் பிறந்த பிள்ளையின் குதிகாலில் குத்தி, தடித்த தாளில் ஒரு பொட்டு ரத்தம் எடுத்துக் காயவைத்துச் சோதனைக்கு அனுப்புவார். மம்சாபுரம், மகாராஜபுரம் என்று என் வண்டியில்தான் அலைச்சல். மலை கூடவே வருகிற அந்தச் சாலைகளில் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார். “பால்ல இருக்க சத்தை உடைச்சாத்தான் உடம்புக்கு ஆகும் அண்ணே. சில பிள்ளைகளுக்கு அதை உடைக்கிற சாவியே பிறவியில இருக்காது. உடையாதது தேங்கித் தேங்கி மூளையைக் கெடுத்துரும், வேர்வையிலயும் மூத்திரத்துலயும் வாசமா வெளிய வரும். பெத்தவங்க மேல பழி சொல்ல இதுல ஒண்ணுமில்ல.” கேட்டுக்கொண்டே போகையில், நான் ஓட்டுகிறேனா, சாலைதான் எங்களை இழுத்துப் போகிறதா என்றிருக்கும்.

மாஸ்டர் அக்கா மகளைக் கட்டியவர். அவர்களுடைய மூத்த ஆண்பிள்ளையும் இப்படியே தூங்கித் தூங்கிப் போய்விட்டது என்று கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தோம். பிள்ளையின் குதிகாலில் எடுத்த ரத்தப்பொட்டின் முடிவு வர நாளாகும். பிள்ளையை இப்போதே மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் அம்மா. மாஸ்டர் மசியவில்லை. “தூங்குற பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா ஊரு சிரிக்கும்மா.”

அம்மா குரலை உயர்த்தவில்லை. தொட்டிலடியில் காய்ந்து கிடந்த மூத்திரத்துணியை எடுத்தார். “இந்த வீட்டுல யார் மூக்கையும் நம்ப முடியாது தம்பி. ஊருக்கு வெளிய வந்து ஒரு தடவை மோந்து பாருங்க. பொறவு உங்க இஷ்டம்.”

“மூத்திரத்துணிய மோந்து பாக்கக் காரு வச்சுல்லா கூட்டிட்டுப் போறாக!” என்று மனைவியிடம் முனகினார் மாஸ்டர். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவர் செருப்பை எடுத்து வாசலில் போட்டது. “செத்த நேரம் போய்ட்டு வாங்க மாமா.”

ராஜபாளையம் சாலையில், தென்னந்தோப்பு ஓரம் நிறுத்தினேன். மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்புப் புகையும் காய்ந்த பாலும் எங்கள் மேலிருந்து மெல்லக் கழன்று தோப்புக்குள் போவதுபோல் இருந்தது. அதுவரை காத்திருந்து, அம்மா துணியை நீட்டினார். மாஸ்டர் மூக்கில் வைத்தார். மறுபடி வைத்தார். பாலும் சீனியும் சேர்ந்து இறுகுவதை வாசத்திலேயே பதம் பார்க்கிறவர். “இதுல பால் வாசமே இல்லையேம்மா… வெறுஞ் சீனில்லா தீயுது” என்றார். பிறகு, எங்களைப் பார்க்காமல், “மூத்தவன் துணியிலயும் இதே வாசந்தாம்மா.”

அந்தப் பெண்பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. மதுரையில் ரத்தத்தைச் சுத்தம் செய்து பிழைக்கவைத்தார்கள். பாலும் பருப்பும் முட்டையும் ஆகாது. டப்பாவில் வரும் தனி மாவும், அளந்து போடும் சோறும் காய்கறியுந்தான். “டிரைவர் மாமா, நான் பால்கோவா தின்னதே இல்ல. ஆனா பதம் தப்புச்சுன்னா அப்பாவுக்கு முன்னாடி நாந்தான் சொல்லுவேன்” என்று பீற்றிக்கொள்ளும். அம்மாவுக்கு மூப்பு வந்துவிட்டது, அலைச்சல் நின்றுவிட்டது. அவர் அப்படி என்னதான் ஆராய்ச்சி செய்தார் என்று யாராவது கேட்டால், கனவில் கண்டதுபோல் அந்தத் தோப்போரந்தான் எனக்கு நினைவில் வருகிறது.

அன்று அங்கே மாஸ்டர் சட்டையைக் கழற்றினார். பால்புகை ஏறிய அந்தச் சட்டையை வேலி மேல் வீசிவிட்டு, துணியை இன்னொரு தடவை மோந்தார். வெற்றுடம்போடு காரில் ஏறி, “வண்டியத் திருப்புங்க அண்ணாச்சி” என்றார். வாசலில் நான் நிறுத்துவதற்குள் கதவைத் திறந்து குதித்து ஓடினார். பிள்ளையை வாரி வெறும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, மனைவியையும் கையோடு கூட்டிக்கொண்டு, மதுரைக்குப் போக வந்து உட்கார்ந்தார்.