மிஷ்மிஷ் வாப்பா

"நடுத்துண்டு எங்க?" என்று கேட்டார் முஹைதீன். அவர் தட்டில் சீலா மீனின் வால் துண்டு கிடந்தது.

"அது மிஷ்மிஷுக்கு அவிச்சாச்சு," என்றாள் மனைவி காலிதா. "அதுக்கு முள்ளு ஆகாது. உங்களுக்குத்தான் முள்ளெடுக்கத் தெரியும்ல."

மிஷ்மிஷ் மகனுமில்லை, பேரனுமில்லை. மூக்கு உள்ளே போய், எந்நேரமும் யார் மீதோ கோபமாக இருப்பதுபோல முகம் வைத்திருக்கும் ஒரு பாரசீகப் பூனை. கத்தாரில் இருக்கும் மகன் நவ்ஷாத், தங்கை தஸ்னீமுக்காகச் சென்னையில் ஆள் பிடித்து வாங்கிக் கொடுத்தது.

முஹைதீனும் கத்தாரில் இருந்தவர்தான். தோஹாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தார். அவர் பொறுப்பில் இருந்த அலமாரிகளில் ஒன்று பூனைச் சாப்பாடு. குட்டிக்குத் தனி, கிழட்டுப் பூனைக்குத் தனி. லீவில் கீழக்கரைக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் ஊரைச் சிரிக்க வைப்பார். "பூனைக்கு டப்பாவுல சோறு! அதுல வயசு வேற பாக்குறானுவ!" காலிதா கண்ணில் தண்ணீர் வர அன்று சிரித்தாள். இன்று அதே டப்பாக்கள் அவர் சட்டைகள் இருந்த அலமாரித் தட்டில் அடுக்கியிருக்கின்றன. ஒருவரும் சிரிப்பதாகத் தெரியவில்லை.

லீவில் வந்தவர் இரண்டு மாத ராஜா. நடுத்துண்டு அவருக்கு, ஏசி அறை அவருக்கு, வாசலில் செருப்பைத் திருப்பி வைக்கக்கூட ஆள் இருந்தது. ஆனால் ஒரேயடியாக முடித்துக்கொண்டு வந்தவருக்கு மரியாதை, பெட்டியிலிருந்த சென்ட் பாட்டில்கள் பங்கு பிரியும் வரைக்கும்தான். மேலும், ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. அது காலிதாவின் வீடு; முஹைதீன் அங்கே மாப்பிள்ளை. பூனையோ வீட்டுப் பிள்ளை. யார் யாரை வெளியேற்றலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டார், அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு வரும் வீடியோ காலைத் தவிர.

"அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா நல்லாருக்கீங்களா மிஷ்மிஷைக் காட்டுங்க." நவ்ஷாத் இதை ஒரே மூச்சில் சொல்வான். பூனை சோபாவில் இருந்து கேமராவைக்கூடப் பார்க்காது. அதன் முதுகை அவன் நெடுநேரம் கொஞ்சுவான்.

"ஒரு மிருகத்துக்கு இம்புட்டா?" என்று முஹைதீன் ஒரு நாள் வாயைத் திறந்தார்.

"பூனைய அடைச்சுப் பட்டினி போட்ட பொம்பளைக்கு என்ன ஆச்சுண்டு பயான்ல கேட்டதில்லையா நீங்க?" என்றான் நவ்ஷாத்.

கேட்டிருக்கிறார். அவள் நரகத்துக்குப் போன கதை பள்ளிவாசல் பயானில் அவர் சிறுவனாக இருந்தபோதும் உண்டு. அதைக் கேட்டுவிட்டு வந்த கையோடுதான் தெருவே விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு பூனையை விரட்டியது. இப்போது வாசலுக்கு வாசல் தெருப்பூனைக்குத் தண்ணீர்க் கிண்ணம். தஸ்னீமின் வாட்ஸ்அப் குழுவில் எந்தப் பூனைக்குக் கண் பீளை, எதற்குக் கருத்தடை என்று பேச்சு ஓய்வதில்லை. முஹைதீனின் சர்க்கரை அளவு அந்தக் குழுவில் ஒருமுறைகூட வந்ததில்லை.

அந்தக் காலத்தில் பூனை விடுவதில் அவர் கை தேர்ந்தவர். திருட்டுப் பூனையைச் சாக்கில் கட்டி, மீன் இறங்கும் கரைக்குக் கொண்டுபோய், சாக்கை மூன்று சுற்று சுற்றி அவிழ்த்தால் அதற்கு வீட்டு வழி மறந்துபோகும். அக்கம்பக்கத்தில் இருந்தெல்லாம் அவரைக் கூப்பிடுவார்கள்.

வியாழக்கிழமை காலிதா கல்யாண வீட்டுக்குப் போனாள், தஸ்னீம் கல்லூரிக்கு. முஹைதீன் சாக்கைத் தேடினார். வீடு முழுக்கத் தேடியும் சாக்கு இல்லை. இருந்தது மிஷ்மிஷின் பை ஒன்றுதான். முதுகில் மாட்டுவது, பூனை வேடிக்கை பார்க்க, கண்ணாடிபோல் ஒரு குமிழ் ஜன்னல் வைத்தது. வேறு வழியில்லாமல் அதைத் திறந்தார். மிஷ்மிஷ் ஊர்சுற்றப் போவதாக நினைத்துத் தானே ஏறி உட்கார்ந்துகொண்டது.

தெருமுனையில் ஒரு ஆட்டோ சடக்கென்று நின்றது.

"மிஷ்மிஷ்தானே இது?" என்றான் ஓட்டுநர் சஃபீர். "நானும் தஸ்னீம் குரூப்புலதான் இருக்கேன். ஊசிக்கா? ஆமா, நீங்க யாரு?"

பிறந்து வளர்ந்த ஊரில் முஹைதீன் ஒரு கணம் விழித்தார். தன் பெயரைச் சொன்னார். சஃபீருக்குப் புரியவில்லை. கடைசியில், "இதோட வாப்பா," என்றார்.

"அட! வெளிநாட்டுலருந்து வந்துட்டீயளா? குரூப்புல யாருமே போடலையே! பூனை வந்தன்னைக்கு எம்புட்டு போட்டோ போட்டாக!"

முஹைதீன் ஏறினார். "கடக்கரைக்கு விடு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார் சின்னக்கருப்பன். அந்நாளில் முஹைதீன் விட்டுப்போன பூனைகளுக்கெல்லாம் மீன் குடல் எறிந்தவர். முஹைதீன் யாரையும் பார்க்காமல் ஓர் ஓரமாகப் போனார். பையை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றத் தொடங்கினார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் கடல் மேலே போனது, வானம் கீழே வந்தது. பையோடு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

சின்னக்கருப்பன் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடிவந்தார். பையைத் திறந்து, மூடியில் ஊற்றி முதலில் பூனைக்குக் காட்டினார்.

"எலே, மயக்கம் வந்தது எனக்கு!"

"நீங்க குடிக்கலாம் பாய். வாயில்லா ஜீவன், வெயில்ல நாக்கு தள்ளிருச்சு பாருங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "விட வந்தீயளாக்கும்? பழைய ஞாபகமா?"

முஹைதீன் கடலைப் பார்த்தார்.

"தெருப்பூனையின்னா பொழைச்சுக்கிரும். இது வெளிநாட்டுச் சரக்கு. ஏசியிலயே இருந்துருக்கும். ஊருக்குள்ள விட்டா ஒரு நாள் தாங்காது. ஒண்ணும் தெரியாது, யாரையும் தெரியாது, ஒரு நெத்திலியக்கூடப் பிடிக்காது. வீட்டுல வச்சுப் பாத்தாத்தான் உண்டு."

பூனையைப் பற்றித்தான் சொன்னார். முஹைதீனுக்கு எதனாலோ சுருக்கென்றது. பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "காத்து வாங்கத்தான் கூட்டியாந்தேன்," என்றார்.

அதற்குள் சஃபீர் எட்ட நின்று படம் எடுத்திருந்தான். அலை, மணல், குமிழுக்குள் மிஷ்மிஷ், பக்கத்தில் தலையைப் பிடித்தபடி ஒரு பெரியவர். வீடு வந்து சேருமுன் படம் குழுவில் போய், அங்கிருந்து கத்தாருக்கும் போய்விட்டது. காலிதா கல்யாண வீட்டில் எல்லோருக்கும் காட்டியிருந்தாள். "எங்க வீட்டு ஆளுக்கு மிஷ்மிஷ் மேல உசுரு," என்றாளாம்.

மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் முஹைதீன் சோபாவில் கிடந்த பூனையைத் தூக்கினார். அது திமிறியது. விடாமல் தாடையோடு தாடை வைத்து அணைத்துக்கொண்டு, மறுகையில் போனைப் பிடித்துக் காத்திருந்தார்.

"வாப்பா! மிஷ்மிஷைக் கடலுக்குக் கூட்டிப் போனீங்களா? மண்ணுல விட்டீங்களா? பயந்துச்சா?" நவ்ஷாத் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். இத்தனை கேள்விகளை அவன் வாப்பாவிடம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! முஹைதீன் அலையைப் பற்றிச் சொன்னார், காற்றைப் பற்றிச் சொன்னார். மயக்கத்தைச் சொல்லப்போகையில் அவன் குறுக்கிட்டான்.

"வாப்பா, போனைக் கொஞ்சம் கீழ இறக்குங்க. உங்க தாடிதான் தெரியுது."

"தெரியட்டும்," என்றார் முஹைதீன். போனை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார்.