பின்சீட்டுக்குப் போட்ட சூடு

கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் கிறிஸ்டினா பல வருடம் வேலை பார்த்தாள். காண்ட்ராக்ட் ஆட்களையெல்லாம் ஒரு காலையில் வேலை இல்லை என்று கேட்டுக்கு வெளியே நிறுத்தியபோது அவளும் நின்றாள். அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் தச்சூர் கூட்டு ரோட்டில் ஒரு கடையைப் பிடித்து, வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த தம்பி ராபினையும் சேர்த்துக்கொண்டு, கார் எலக்ட்ரிக்கல் வேலை ஆரம்பித்துவிட்டாள்.

வருகிறவர்கள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். “மெக்கானிக் இல்லையா?”

“நான்தான். வண்டிக்கு இன்னா?” என்பாள். சொல்லிச் சொல்லி அந்தப் பதிலில் ஒரு வெடுக்கு ஏறியிருந்தது.

சோழவரம் பக்கத்திலிருந்து வந்த பூவராகவனும் அப்படித்தான் கேட்டார். ஏரிப் பாசனத்தில் நிறைய நெல் கழனி உள்ளவர். கிறிஸ்டினாவின் அம்மா ரோசம்மாள் ஒரு காலத்தில் அவர்கள் கழனியில் நாற்று நட்டவள். அது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

“பின்சீட்டுக்கு ஹீட்டர் போடணும்” என்றார்.

கிறிஸ்டினா ரோட்டைப் பார்த்தாள். வெயிலில் தார் மினுங்கிக்கொண்டிருந்தது. “நம்ம ஊர்லயா சார்?”

“எனக்கில்லம்மா. ஊட்டுல அவங்களுக்கு.”

அவர் மனைவி அஞ்சம்மாள் மாடிப்படியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவள். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வாராவாரம் பின்சீட்டில் உட்காரவைத்துச் சென்னைக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிறார். வழியெல்லாம் குளிருகிறது என்கிறாளாம். வெளிநாட்டுக் கார்களில் சீட்டே சூடாகும் என்று யாரோ போனில் வீடியோ காட்டியிருக்கிறார்கள்.

“உக்கார்ற எடத்துல போடக்கூடாது சார்” என்றாள் கிறிஸ்டினா. “தோல் வெந்து போனாக்கூட அவங்களுக்குத் தெரியாது. டாக்டரைக் கேட்டுக்கினு வாங்க. அவர் சரின்னா முதுகு சாயற எடத்துல, மேல மட்டும் போட்டுத் தரேன்.”

அடுத்த வாரம் வந்தார். “கேட்டாச்சு. போடலாம்னுட்டார்.”

பின்சீட்டை மொத்தமாகக் கழற்றினாள். உறையைப் பிரித்து, சாய்கிற பகுதியின் மேல்பாதியில் சூடேற்றும் மெல்லிய பட்டையை ஒட்டினாள். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பியூஸ் வைத்து, கதவோரக் கார்பெட்டுக்கு அடியில் கொண்டுபோனாள். சாவி போட்டால் மட்டும் வேலை செய்கிற மாதிரி ரிலே கொடுத்தாள். பட்டையோடு ஒரு தெர்மோஸ்டாட்டும் வந்திருந்தது. சூடு அளவு மீறினால் அது தானாக நிறுத்திவிடும். முடித்ததும் அவளே பின்சீட்டில் சாய்ந்து, வேர்த்து ஒழுகும்வரை உட்கார்ந்து பார்த்தாள். அதற்கப்புறம்தான் வண்டியைக் கொடுத்தாள்.

பொதட்டூர்பேட்டையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அவள் போயிருந்த நாளில் பூவராகவன் மறுபடி கடைக்கு வந்தார். அக்கா இல்லாத கடையில் ராபின் இருந்தான்.

ஒரு வாரம் கழித்து, காலை நாஷ்டாவைப் பாதியில் வைத்துவிட்டுக் கிறிஸ்டினா எழுந்து ஓட வேண்டியதாயிற்று. கடை வாசலில் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் பூவராகவன் கத்திக்கொண்டிருந்தார்.

“என் பொண்டாட்டிய வேக வச்சிட்டியேடி! தொடையெல்லாம் கொப்புளம். ஆஸ்பத்திரியில படுத்துனு இருக்கா. எங்க கழனியில நாத்து நட்டவ பொண்ணு, உன்னை நம்பி வண்டிய குடுத்தேன் பாரு!”

“டி போட்டுப் பேசாதீங்க” என்றாள் கிறிஸ்டினா. “தொடையா? நான் தொடைகிட்ட ஒண்ணுமே வைக்கலியே.”

“வைக்காம எப்படி வெந்துச்சு? போலீசுக்குப் போறேன் இரு.”

அவள் கார்க் கதவைத் திறந்தாள். சீட்டைத் தூக்கியதும் கருகிய நாற்றம் வந்தது. உட்காரும் இடத்திலும் ஒரு பட்டை. அதற்குக் கீழே பஞ்சு பழுப்பேறி இறுகிப் போயிருந்தது. தெர்மோஸ்டாட்டை வெட்டி எடுத்துவிட்டு, அதன் இரண்டு வயரையும் நேராக ஒன்றோடொன்று முறுக்கி டேப் சுற்றியிருந்தது. இழுத்ததும் கையோடு வந்தது.

திரும்பினாள். ராபின் சுவரோரம் நின்றான்.

“அவர்தான்கா கேட்டாரு. சூடே பத்தல, அப்பப்ப நின்னு போவுது, பேஜாரா இருக்குதுன்னாரு. கீழயும் போடச் சொன்னாரு.”

“எனக்கு போன் பண்ணியா?”

“நீ கல்யாணத்துல...”

“அவர் கேட்டா பிரேக்கையும் கழட்டிக் குடுப்பியாடா? நடக்க முடியாத பொம்பளைடா அவங்க!” கையிலிருந்த வயரை அவன் மூஞ்சியில் விட்டெறிந்தாள். அடிக்கவும் கை ஓங்கினாள். அடுத்த கடைக்காரர் அப்பாவு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

பிடியை உதறிவிட்டுப் பூவராகவனிடம் வந்தாள். “டாக்டர் இன்னா சொன்னாரு? எந்த டாக்டர்? பேரு சொல்லுங்க.”

அவர் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார். டாக்டரை அவர் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொய்யை நம்பிச் சீட்டைப் பிரித்த தன்மேலும் சேர்த்து எரிச்சல் பொங்கியது. “வாங்க ஆஸ்பத்திரிக்கு. அவங்ககிட்ட நானே பேசறேன்” என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

செங்குன்றம் ஆஸ்பத்திரியில் அஞ்சம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மெலிந்த முகம். தான் யார் என்று கிறிஸ்டினா சொன்னதும் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“எங்க கடையில நடந்த தப்புதாம்மா” என்றாள் கிறிஸ்டினா. “என் தம்பி பண்ணான். ஆனா சூடு வேணும்னு நீங்க கேட்டீங்கன்னு...”

“நான் கேட்டனா?” அஞ்சம்மாளின் குரல் அந்த வார்டு முழுக்கக் கேட்டது. “நான் ஏசிய கொறைங்கன்னு சொன்னேன்! அவ்ளோதான் சொன்னேன்! ஒவ்வொரு வாரமும் சொன்னேன். இவருக்கு வேர்க்குமாம். அந்தக் காத்து நேரா என் கழுத்துல அடிக்கும். முகத்தைத் திருப்பிக்கலாம், எழுந்து நவுர முடியுமா என்னால? அதுக்குத் திருவொட்டியூர்லேர்ந்து பொருள் வாங்கி, சீட்டைக் கிழிச்சி, அடியில அடுப்பு வச்சீங்க. என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?”

பூவராகவன், “உனக்கு நல்லதுன்னுதான் அஞ்சு...” என்று இழுத்தார்.

“நீ பேசாத.” கல்யாணமான நாளிலிருந்து ‘நீங்க’ என்றே கூப்பிட்டவள். “போலீசுக்குப் போறேன்னு இங்கேர்ந்து கெளம்பினியே. போ. மொதல்ல உன் பேரைத்தான் நான் சொல்லுவேன். அப்புறம் இவ தம்பி பேரு.”

பிறகு கிறிஸ்டினாவிடம் திரும்பினாள். “நீ மட்டும் இன்னா? முதுகுல போட்டியே, யாருக்குப் போடறோம்னு என்னை வந்து பார்த்தியா? போன்லயாவது கேட்டியா?”

கிறிஸ்டினாவுக்குச் சுருக்கென்றது. வண்டியைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள். உட்காரப்போகிறவளைப் பார்க்கவில்லை. “கேக்கலம்மா” என்றாள்.

“எல்லாத்தையும் புடுங்கிப் போடு. ஒரு வயர் இருக்கக்கூடாது.”

அன்று மாலையே பிடுங்கிவிட்டாள். தான் இழுத்த வயர், ராபின் சேர்த்த வயர் இரண்டையும்தான். பஞ்சை மாற்றி, சீட்டைப் பழையபடி மாட்டினாள். வேலை முடிகிறவரை பூவராகவன் கடைக்கு வெளியே நின்றார். அவள் அவருக்கு நாற்காலி போடவில்லை.

அஞ்சம்மாளின் புண் ஆற மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. இப்போது அவளைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைக்கிறார்கள். ஏசி எவ்வளவு ஓட வேண்டும் என்பதை அவள் கைதான் முடிவுசெய்கிறது. பூவராகவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறார்.

ராபினைக் கிறிஸ்டினா மறுநாளே கடையை விட்டு அனுப்பிவிட்டாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனிக்கு அவன் ஷிப்டு போய்க்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ரோசம்மாள் இருவருக்கும் ஒன்றாகத்தான் சோறு போடுகிறாள். கிறிஸ்டினா தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறாள்.

“தம்பிதானேடி, எத்தினி நாளைக்கு?” என்று அம்மா கேட்டால், “தெரியலம்மா, இன்னும் கோவம் போவல” என்கிறாள்.