பூசணிக்காய் எழுத்து

என் சித்திக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவளுக்கு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை வாய்த்தது. லாரி பார்சல் ஆபீஸில், வரும் மூட்டைகளின் எண்ணையும் எடையையும் ஒரு பழைய டெர்மினலில் தட்டுவாள். டெர்மினல் என்றால் ஒரு திரை, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். தட்டுவதெல்லாம் மாடியில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் போய் ஏறும்.

போன மழைக்காலத்திலிருந்து அவளுடைய கண்களில் புகை படிந்ததுபோல ஒரு மங்கல். அது வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஆபீஸுக்குத் தெரிந்தால் அந்த இருக்கை போய்விடும். குடோனில் லேபிள் ஒட்ட அனுப்பிவிடுவார்கள். அங்கே போன யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

அதனால் திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, 'சேவ்' கொடுத்து வைத்தாள். மறுநாள் காலை சுவிட்சைப் போட்டால் எல்லாம் பொடிப்பொடியாக இருந்தது. மாலை ஷிஃப்டில் அதே இருக்கைக்கு வருகிறவன் மாற்றியிருந்தான். நெட்டையானவன், ஆபீஸில் அவனுக்குப் பெயர் ஒட்டடைக்குச்சி. அந்த மெஷின் ஒருவருடைய அமைப்பைத்தான் நினைவில் வைக்கும். இவள் சேவ் செய்தால் அவனுடையது அழியும், அவன் செய்தால் இவளுடையது.

"ஏன் தம்பி, உன் எறும்புக் கூட்டத்தை எதுக்கு என் தலையில கட்டுற?"

"உங்க பூசணிக்காயை வெச்சுட்டு நான் என்ன பண்றது, அக்கா? நாலு மூட்டை ஏத்தறதுக்குள்ள திரை ரொம்பிடுது."

தினமும் இதே சண்டை. தினமும் காலையில் யாரும் வருவதற்கு முன் எழுத்தைப் பெரிதாக்க அவள் ஓட வேண்டியிருந்தது.

ஒருநாள் அந்த அவசரத்தில் விரல் தவறி, 'டீஃபால்ட்' என்ற இடத்தைத் தட்டிவிட்டாள். எழுத்து எறும்பாகவும் இல்லை, பூசணியாகவும் இல்லை. சற்றுமுன் சேவ் செய்தது போச்சே என்று பதறி, பழையதைத் திரும்பக் கொண்டுவரும் 'ரீஸ்டோர்' கொடுத்தாள். பூசணிக்காய் பத்திரமாகத் திரும்பி வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டீஃபால்ட் என்பது கம்பெனி வைத்துக் கொடுத்த அமைப்பு; அது எப்போதும் உள்ளே இருக்கிறது, அதை யாராலும் அழிக்க முடியாது. ஒருவர் சேவ் செய்யாமல் அதோடு ஒத்துப்போனால் சேமிக்கும் இடம் மற்றவருக்கு. ஆனால் கம்பெனி எழுத்தும் அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒத்துப்போக வேண்டியவன் அவன்தான். அவனிடம் காரணம் சொல்ல வேண்டும். அவன் வாயிலோ எதுவும் தங்காது.

அன்று வீட்டில் அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. காய்ந்த துணியை எடுத்து மறுபடி துவைத்தாள். "சொல்லட்டுமா, வேண்டாமா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வேறு அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஷிஃப்ட் மாறும்போது அவனிடம் கண் விஷயத்தைச் சொல்லி, கம்பெனி எழுத்திலேயே வேலை பார்க்கும்படி கேட்டுவிட்டாள்.

அவன் குனிந்து அவள் கண்களை உற்றுப் பார்த்தான். பிறகு, "அப்போ என் மூஞ்சியும் உங்களுக்குச் சரியாத் தெரியலையா? அதான் இப்படித் திட்டுறீங்க!" என்றான்.

"தெரிஞ்சிருந்தா இன்னும் திட்டியிருப்பேன். சேவ் பண்ண மாட்டேன்னு சொல்லுடா."

"பாக்கலாம்க்கா" என்று சிரித்தபடியே உட்கார்ந்துவிட்டான். அந்த 'பாக்கலாம்' அவளைத் தூங்கவிடவில்லை.

காலையில் அவள் போவதற்குள் மேனேஜர் அங்கே நின்றிருந்தார். ஒரு மூட்டையைக் காணவில்லையாம். சுவிட்சைப் போட்டதே அவர்தான். "அந்த மூட்டையோட நம்பரைப் படிம்மா!" என்றார். திரை மெல்ல வெளுத்தது. மேஜைக்கடியில் அவள் கால் தந்தி அடித்தது.

பூசணிக்காய்!

சித்தி கடகடவென்று படித்தாள்.

"எழுத்து என்னம்மா இவ்ளோ பெருசா இருக்கு?"

"அங்க நிக்கிற உங்களுக்கும் தெரியணும்ல சார்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நாற்காலியை மட்டும் ஒட்டடைக்குச்சி தன் உயரத்துக்கே ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். சித்தி அவனை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே அதை இறக்கினாள்.