இரண்டாவது சங்கு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பெரம்பலூரில் நடந்தது இது. ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த ஒரு பழைய நூற்பாலைக்கு வெள்ளையடித்து, கலை மியூசியமாக மாற்றியிருந்தார்கள். நாலு மாதத்துக்குத் தொடர்ந்து கண்காட்சிகள். முதலில் ஓவியங்கள், அடுத்து சிலைகள், கடைசியாக உடைகளும் வீடியோக்களும் என்று நோட்டீஸ் அடித்து, சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு வேனும் அனுப்பினார்கள். ஓவியத்துக்கும் சிலைக்கும் நான் அசையவில்லை. உடை என்றதும் விட முடியுமா? நான் தையல்காரி. ஒரு ஜாக்கெட்டைத் தூரத்தில் பார்த்தாலே எந்த இடத்தில் இழுக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

எங்கள் ஊர் அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் எடுக்கும் சுரங்கத்தை ஒட்டி இருக்கிறது. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு சங்கு ஊதும். ஊதியதும் ஊரே வீட்டை விட்டு வாசலுக்கு வந்துவிடும். எல்லாம் பழைய வீடுகள், எந்த ஓடு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. வெடித்து, தரை அதிர்ந்து, தூசி அடங்கிய பிறகு இரண்டாவது சங்கு ஊதும். உள்ளே போய் விட்ட வேலையைத் தொடருவோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினெட்டு வருடமாக எனக்கு இதுதான் பழக்கம். ஊசி பாதித் துணியில் குத்தி நின்றாலும், சங்கு கேட்டால் எழுந்துவிடுவேன்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பாப்பாவுக்கு ஏழு வயது. சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனால் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். நான் வெட்டிப் போடும் துண்டுத் துணிகளைப் பொறுக்கிப் பொம்மைக்குப் பாவாடை கட்டுவது அவள் வேலை. டிரெஸ் கண்காட்சி என்று கேட்டதிலிருந்து என் முந்தானையை விடவில்லை. அவள் அம்மாவுக்கு அன்று பருத்தி எடுக்கும் வேலை. வேன் ஏறும்போது வந்து, பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"கைய விட்றாதீங்கக்கா. எதயாச்சும் பாத்தா அங்கயே நின்னுக்குவா."

"ஆமா, உம் புள்ளைய காக்கா தூக்கிட்டுப் போயிரும். போயி வேலையப் பாருடி."

இப்படித்தான் கேலி செய்து அனுப்பினேன். வேனில் எங்கள் ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம்.

முதல் கூடம் முழுக்க உடைகள். சாக்குத் துணியில் கோட்டு, மாத்திரை அட்டைகளைக் கோத்து ஒரு மேல்சட்டை. இதைப் போட்டுக்கொண்டு யார் பஸ் ஏறுவார்கள் என்று எனக்குச் சிரிப்பு. நடுவில் ஒரு வெள்ளைக் கவுன் நின்றது. அதன் பாவாடையை நாலு பேர் கை கோத்துச் சுற்றினால்தான் பிடிக்க முடியும். பாப்பா வாய் பிளந்து நின்றுவிட்டாள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஒருத்தரும் இல்ல. மூங்கில்ல கூண்டு கட்டி, மேல துணியப் போத்தியிருக்காங்க. நம்ம கோழிக்கூண்டு மாதிரிதான், உள்ள காலி" என்று ஓரத்தைத் தூக்கிக் காட்டினேன். காவலுக்கு இருந்த பெரியவர் ஓடி வந்தார். தொடாதீங்கம்மா என்றார். அடுத்த உடையிலும் சொன்னார், அதற்கடுத்ததிலும் சொன்னார். ஓரத் தையல் சரியில்லை, அதைத்தான் பார்த்தேன் என்று நானும் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன்.

பக்கத்திலேயே இருட்டறை ஒன்று. வரிசையாக பெஞ்சு போட்டு, சுவரில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் ஒரே சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், பத்து நிமிடம். இதை எங்க வூட்டுல வந்து எடுத்திருந்தா சோறும் போட்டு அனுப்பியிருப்பேனே என்று யாரோ பின்னால் முணுமுணுக்க, எங்கள் பெஞ்சே குலுங்கியது. அது முடிந்து அடுத்த படம் வந்தது. பெரிய பள்ளம், வெள்ளை வெள்ளையாகப் படிக்கட்டு போல இறங்கும் பாறை. எங்கள் ஊர்ச் சுரங்கம்! சுவரில் அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே பெருமை. பாப்பாவின் கை என் கைக்குள் இருந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்போது சங்கு ஊதியது.

நாலு மூலையிலும் வைத்திருந்த ஸ்பீக்கரிலிருந்து, எங்கள் ஊர்ச் சங்கு, அதே இழுவையோடு. அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வெளியே, கேட்டுப் பக்கத்து வேப்பமரத்தடியில் நான் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தேன். என்னைச் சுற்றி எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். பெரம்பலூர்க்காரர்கள் ஒருவர்கூட ஓடி வரவில்லை, இவர்களுக்கு என்ன வந்தது என்று கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். எங்களில் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கையைப் பார்த்தேன். கைப்பையைப் பத்திரமாக எடுத்து வந்திருந்தேன். பாப்பா இல்லை.

உள்ளே ஓடினேன். விளக்கைப் போட்டு, படத்தை நிறுத்தியிருந்தார்கள். பெஞ்சுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தேன். இல்லை. பாத்ரூமில் இல்லை. வேனில் இல்லை. எங்களோடு சேர்ந்து அவளும் வெளியே ஓடியிருந்தால்? கேட்டைத் தாண்டினால் ரோடு. கரும்பு லாரியும் சிமெண்டு லாரியும் நிற்காமல் போகிற ரோடு. எதிரே டீக்கடையில் கேட்டேன், பச்சை கவுன் போட்ட பிள்ளையைப் பார்த்தீர்களா என்று. பார்க்கவில்லை என்றார்கள். ஆலைக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு இருந்தது. கம்பி போட்டு மூடியிருந்தார்கள். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. அதில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தேன். தண்ணீரில் என் தலை மட்டும் தெரிந்தது.

காவல்காரப் பெரியவர் கேட்டைச் சாத்தி, யாரையும் வெளியே விடாமல் நிறுத்தினார். எங்கள் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் கத்திக் கூப்பிட்டார்கள். கால் மணி நேரம் இருக்கும். நேர்ந்துகொள்ளாத சாமி இல்லை. செட்டிகுளம் முருகனிடமிருந்து ஏலாக்குறிச்சி மாதாவரைக்கும் கூப்பிட்டுவிட்டேன்.

அப்போது என் போன் அடித்தது. பாப்பாவின் அம்மா.

எடுக்காமல் இருக்க முடியவில்லை. பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டாள். சாப்பிட்டாள் என்றேன். அவளிடம் கொடுங்கள் என்றாள். பாத்ரூம் போயிருக்கிறாள் என்றேன். என் வாயிலிருந்து பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கே பயமாக இருந்தது. அந்தப் பக்கம், காட்டு வெளியில், சங்கு ஊதுவது போனிலேயே கேட்டது. நிஜச் சங்கு. அதற்கும் என் கால் ஒரு அடி நகர்ந்ததை வெட்கத்தோடு சொல்கிறேன்.

"இருங்கக்கா, சங்கு ஊதுது" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. "நல்லவேள அவ இங்க இல்ல. வூட்டுல இருந்தா இந்நேரம் கட்டிலுக்கு அடியில பூந்திருப்பா. பள்ளிக்கூடத்துல மேப்பூச்சு விழுந்ததுலேருந்து டீச்சர் அப்டிப் பழக்கி வச்சிருக்காங்க. சங்கு ஊதுனா பெஞ்சுக்கு அடியில ஒக்காந்து காதப் பொத்திக்கணுமாம்."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், இருந்தும் இது எனக்குத் தெரியாது. சங்கு ஊதும்போது நான் என்றைக்கு அவளைப் பார்த்திருக்கிறேன்? நான்தான் முதல் ஆளாக வாசலில் நிற்பேனே. அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். அடியில் போய் உட்கார வேண்டும். இருட்டறையில் பெஞ்சுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். மிதிபடாமல் இருக்க அங்கிருந்து நகர்ந்திருப்பாள். இந்தக் கட்டடத்தில் கட்டில் இல்லை, மேசை இல்லை. புகுந்துகொள்ள என்ன இருக்கிறது?

உடைக் கூடத்துக்கு ஓடினேன். சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி வெள்ளைக் கவுனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். "தொடாதீங்..." என்று கத்தியபடியே வந்த பெரியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு அவரும் குனிந்து பாவாடையின் மறுபக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்.

உள்ளே இருந்தாள். முழங்காலுக்கு நடுவே தலையைப் புதைத்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, சின்ன மூட்டையாக உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் அவ்வளவு பேர் கத்தியும் கேட்கவில்லை. என் கை பட்டதும் நிமிர்ந்தாள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை அடக்க முடியாமல் வந்தது. வா தங்கம் என்று இழுத்தேன். வர மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"இன்னும் ரெண்டாவது சங்கு ஊதல பெரியம்மா."

படத்தைத்தான் பாதியில் நிறுத்திவிட்டார்களே, இரண்டாவது சங்கு எங்கிருந்து ஊதும்? அவள் டீச்சர் சொன்னபடி, ஊதுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்திருப்பாள். சாயங்காலம் மியூசியத்தைப் பூட்டியிருந்தாலும் உட்கார்ந்திருந்திருப்பாள். நான் எழுந்து நின்றேன். இரண்டு கையையும் வாயில் குவித்து, அத்தனை பேர் நடுவில், தம் கட்டி ஊதினேன். ஊஊஊ என்று நீளமாக, ஊர்ச் சங்கு மாதிரியே. குரல் பாதியில் உடைந்தது. பெரியவர் என்ன நினைத்தாரோ, உடைந்த இடத்திலிருந்து அவர் எடுத்து ஊதி முடித்தார்.

பாப்பா காதிலிருந்து கையை எடுத்தாள். வெளியே வந்து, தன் பச்சை கவுனைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நீங்க எங்க போனீங்க பெரியம்மா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வேறு எங்கேயாவது நல்ல இடத்தில் ஒளிந்துகொண்டீர்களா என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

வேனில் திரும்பும்போது ஓடிய ஓட்டத்தைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். பாப்பா என் மடியில் தூங்கிவிட்டாள். அம்மாவிடம் எதற்குச் சொல்கிறாய், பிள்ளைதான் கிடைத்துவிட்டதே என்று ஒருத்தி என் காதில் சொன்னாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஊர் வந்து சேரும்வரை, பாப்பா ஏதாவது உளறினால் எப்படிச் சமாளிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவள் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ரொம்பப் படுத்தினாளாக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையை விட்டதை, பையை எடுத்ததை, போனில் சொன்ன பொய்யை, கிணற்றில் எட்டிப் பார்த்ததை. இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள். என்னைத் திட்டிவிட மாட்டாளா என்று இருந்தது.

"இவளுக்கு மூணு மாசம்க்கா அப்ப" என்றாள் கடைசியில். "தூளில போட்டுட்டு சோறு வடிச்சிக்கிட்டு இருந்தேன். சங்கு ஊதுச்சு. வாசல்ல வந்து நின்னு, வெடி வெடிச்சு, ரெண்டாவது சங்கு ஊதுன அப்பறந்தான், எனக்கு ஒரு புள்ள இருக்குன்னே ஞாபகம் வந்துச்சு. உள்ள ஓடுறேன், தூளிக்குப் பக்கத்துல ஓடு விழுந்து கெடக்கு. இவரு கிட்டகூட நான் இத சொன்னதில்ல."

அவள் உள்ளே போய்ப் பிள்ளையைப் படுக்க வைத்தாள். நான் என் வீட்டுக்கு வந்து, மிஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பாப்பா இப்போது நாலாவது படிக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் ஒரு பக்கம் அவள் அம்மா, மறுபக்கம் நான். யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் நீட்டி எங்களைப் பிடித்துக்கொள்வாள். ஆளுக்கொரு முறை அவளை விட்டுவிட்டு ஓடியவர்கள் நாங்கள் இருவரும். அந்தச் சின்னக் கை என் விரலைப் பற்றுகிற ஒவ்வொரு முறையும், என்னை நம்பி அவள் நடக்கிறாள், ஆனால் என்னை நான் நம்பலாமா என்ற பயத்தோடுதான் இன்னமும் ரோட்டைக் கடக்கிறேன்.