பாவுக்குக் குறுக்கே ஒரு பூனை

ராமநாதபுரம் ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் நாகையாவுக்கு நிகரான ஆள் கிடையாது. அவர் முறைத்தால் நிறைந்த கண்மாய் வற்றிவிடும். அருப்புக்கோட்டைப் பக்கம் மழை எட்டிப் பார்க்காததே அவருக்குப் பயந்துதான். ஜப்பான்காரன் பர்மாவோடு நின்றுகொண்டதும் இவர் பேரைக் கேள்விப்பட்டுத்தான்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு எலி ஜெயித்துவிட்டது.

சண்டைக் காலம். நூலுக்குக் கன்ட்ரோல். வாங்கிய நூலைச் சேலையாக்கிக் கொடுத்தால்தான் அடுத்த நூல் கிடைக்கும். தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூலில் கஞ்சி வாடை பிடித்து வந்த எலி, ஒரு முழ அகலத்துக்கு இழைகளைக் கடித்துப் போட்டிருந்தது. நாகையாவும் மனைவி பாலாமணியும் நாள் முழுக்கக் குனிந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்தார்கள். இன்னொரு தடவை பெரிதாகக் கடித்தால் சேலை தேறாது. தறி நின்றுவிடும். அடுப்பும்தான்.

"ஒரு பூனை கொண்டாந்துருவமா?" என்றாள் பாலாமணி.

"கிறுக்கா ஒனக்கு? விடியக்காலம் தெருவுல பாவு விரிச்சிருக்கப்ப குறுக்க போச்சுன்னா?"

நெசவாளர் தெருவில் யாரும் பூனை வளர்ப்பதில்லை. கஞ்சி தடவ இழுத்துக் கட்டிய பாவின் குறுக்கே பூனை போனால், அன்றைக்கு வேலையை நிறுத்திப் பாவைச் சுருட்டிவிடுவார்கள்.

பாலாமணி அடுத்த அறுந்த இழையைத் தேடிக் குனிந்துகொண்டாள். சொன்ன பதிலே அவரை அறுத்தது. போன வருஷம் காலராவில் போன மகள் சௌடேஸ்வரி, தெருவுக்கெல்லாம் சௌடா, ஆறு வயதுப் பிள்ளை, இதையேதான் கேட்டிருந்தாள். இதே பதிலைச் சொல்லித்தான் அவளையும் விரட்டினார். பிள்ளை கேட்டபோது கிடையாது, நூலுக்கு என்றால் மட்டும் உண்டா?

எலி மறுபடியும் பாவில் வாய் வைத்த அன்று, ஓலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு பாலவனத்தத்துக்கு நடந்தார். அங்கே பருத்திக்காட்டில் கூலி வேலை பார்க்கும் ஞானப்பூ வீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது.

"கறுப்ப எடுங்கண்ணாச்சி. தாய் மாதிரி வேட்டைக்காரி. அந்த வெள்ள பயந்தாங்கொள்ளி, ஓணானப் பாத்தாலே ஒளிஞ்சுக்கிரும்."

நாகையா கறுப்பைத் தூக்கினார். பார்த்தார். கீழே விட்டார். வெள்ளை அவர் வேட்டி நுனியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதக் குடு தாயி."

"எலிக்குத்தான கேட்டீக?"

"பிள்ளைக்கு" என்றார். ஞானப்பூ கடகத்தில் பழந்துணியை விரித்தாள்.

பூனை ஒரு எலிகூடப் பிடிக்கவில்லை. ஆனாலும் அதன் வாடைக்கே எலிகள் வேறு வீடு பார்த்துக்கொண்டன.

அடுத்த பாவு விரித்த காலையில் தெருவே கூடிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தது. பாதிகூட முடியவில்லை. வெள்ளைப் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு வந்து, பாவுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் உட்கார்ந்து காலை நக்கியது.

தெருப் பெரியவர் சென்னய்யா கையை உயர்த்தினார். "சுருட்டுங்கப்பா. நாகையா, சொன்னாக் கேட்டாத்தான?"

"பெரியப்பா, இந்தப் பாவுக்கு அடியில எம் மக எத்தன தடவ ஓடியிருப்பா. அப்பல்லாம் சுருட்டுனமா?"

"அது பிள்ளையப்பா."

"இதுவும் எங்க வீட்டுப் பிள்ளைதான்."

பாலாமணிதான் முதலில் குனிந்து கஞ்சியைத் தொட்டாள். சென்னய்யா மெல்லக் கையை இறக்கினார். "என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கிறீக? காயுது, தடவுங்க" என்று சிடுசிடுத்தார்.

அந்தப் பூனைக்கு இன்றுவரை பெயர் கிடையாது. நாகையா வைக்கவும் இல்லை, பிறரை வைக்க விடவும் இல்லை. வெறும் பூனை.

இதை எழுதிய பக்கத்து வீட்டுக்காரன் இதுவரைக்கும் அவரிடமே வாசித்துக் காட்டினான். நாகையா குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, தறியை நிறுத்திக் கேட்டார்.

"பேரு கெடையாதுன்னா எழுதியிருக்க?"

"ஆமா மாமா."

"அப்ப, பொழுது சாய சந்துக்குள்ள உக்காந்து, ஒஞ் சோத்துல பாதிய வச்சுக்கிட்டு, 'சௌடா, சௌடா'ன்னு கூப்புடுறது யாருலே?"