பட்டியலின் கடைசிக் கதவு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். கையில் ஊசி பிடிப்பதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைப்பார்கள். அவளோடு ஒரு வாரம் வேலை பார்த்தால் அவள் வாயும் தெரிந்துவிடும். நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை என்று அவள் யாரையும் இரண்டு முறை குத்தியதில்லை. வரிசையில் இடித்துக்கொண்டு முன்னால் வருகிறவர்களை மட்டும் பேச்சாலேயே குத்தி அனுப்பிவிடுவாள்.

வீட்டிலும் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல்தான். கோபப்பட அங்கே காரணத்துக்குப் பஞ்சமில்லை. அவள் கணவர் மின்சாதனக் கடை ஒன்றில் விற்பனையாளர். புது மாடலைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுப் பழையதைப் பின்பக்கம் தள்ளும் வேலை. அதே பழக்கம் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. எந்த வேலையையும் தெருவில் தொடங்கித்தான் அவர் உள்ளே வருவார். போன முறை பெயின்ட் அடித்தபோது முன்சுவருக்கு இரண்டு பூச்சு, ஹாலுக்கு ஒரு பூச்சு. சமையலறை வாசலுக்கு வரும்போது கையிலிருந்த காசு தீர்ந்துபோனது. தரை போட்டபோதும் அதே கதை. வாசற்படியில் பளபளக்கும் கிரானைட், ஹாலில் டைல்ஸ், அவள் நின்று சமைக்கிற இடத்தில் மட்டும் வெடித்த சிமென்ட். கேட்டால், "அடுத்த வருஷம்" என்பார். அந்த அடுத்த வருஷத்தை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த முறை கதவுகள். முன்கதவு, பின்கதவு, அறைக் கதவு இரண்டு, கழிப்பறையும் சேர்ந்த குளியலறைக் கதவு ஒன்று, ஆக ஐந்து. பணம் அவளுடையது. இரண்டு வருஷமாக விடுமுறை நாட்களில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துச் சேர்த்த ஒரு லட்சத்து இருபதாயிரம். ஆனாலும் பேனா கணவர் கையில்தான் இருந்தது. கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதினார். முன்கதவு, தேக்கு, பூவேலைப்பாடு, பித்தளைக் கைப்பிடி, எண்பத்தைந்தாயிரம். பின்கதவு, இரும்புத் தகடு, பதினெட்டாயிரம். அறைக் கதவு இரண்டுக்கும் சேர்த்துப் பதினெட்டாயிரம். கடைசி வரியில் குளியலறை என்று எழுதியிருந்தார். அதற்கு எதிரே ஒன்றுமில்லை.

"இதுக்கு எதுவுமே போடலையே?" என்றாள்.

"இதுவரைக்குமே ஆயிரம் ரூபா கை மீறிப் போச்சு. அது உள்ளதானே இருக்கு, யாரு பார்க்கப் போறாங்க? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"கீழ்ப்பக்கம் உளுத்துப் போச்சுங்க. பார்க்கவே அசிங்கமா இருக்கு. சாத்தவும் மாட்டேங்குது."

"கயிறு கட்டியிருக்குல்ல? இழுத்துப் பிடிச்சா சாத்திக்குது. நான் தினமும் போகலையா?"

அவர் போவது உண்மைதான். கதவைப் பாதி திறந்து போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே போவார். அந்தக் கதவு ஹாலைப் பார்த்து இருந்தது. டிவி பார்க்கிற நாற்காலிக்கும் அதற்கும் நாலு எட்டு தூரம். பல வருஷம் தண்ணீர் குடித்துக் கீழ்ப்பலகை உப்பிப்போய், கதவு நிலைக்குள் உட்காராது. தாழ்ப்பாள் ஓர் இடம், அதன் துளை வேறோர் இடம். உள்ளே இருப்பவர் நைலான் கயிற்றைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்தாலும் இரண்டு விரல் சந்து தெரியும். அவள் அன்றைக்கு உளுத்ததைப் பற்றி அரை மணி நேரம் கத்தினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே கதவுப் பட்டறைக்குப் போய், அவள் பெட்டியிலிருந்து எடுத்த நாற்பதாயிரத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, தேக்கின் வாசனையைப் புகழ்ந்துகொண்டு வந்தார்.

அந்த வாரமே ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகளுக்குக் காய்ச்சல். அடிவயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். ஊசியக்கா அவளைப் பரிசோதனைக் கூடத்துக்கே அழைத்துப் போய்ச் சிறுநீரை வாங்கி, தானே கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். சீழ் அணுக்கள் எண்ண முடியாமல் கிடந்தன. எத்தனையோ பேர் சிறுநீரில் பார்த்ததுதான். தன் பிள்ளையுடையது என்பதால் இன்னொரு துளி வைத்து மறுபடியும் பார்த்தாள்.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "ஏன்டா, ஒழுங்கா தண்ணி குடிக்கிறியா, இல்லையா? அடக்கி வைக்கிறியா?"

மகள் தரையைப் பார்த்தாள். "ஸ்கூல்ல போயிடுவேம்மா. வீட்லதான்... அப்பா ஹால்லயே உட்கார்ந்திருக்காரு. போன மாசம் அவரு ஃப்ரெண்டும் வந்திருந்தாருல்ல, நான் உள்ள இருக்கிறப்போ கயிறு கையை விட்டு நழுவிடுச்சு. அப்புறம் வீட்ல தண்ணியே குடிக்கிறதில்ல. காலையில ஸ்கூல் போற வரைக்கும் அடக்கிக்குவேன்."

வந்ததே அவளுக்குக் கோபம்! கணவர் மேல், அந்த நண்பர் மேல், கடை பில் மேல், பூவேலைப்பாட்டின் ஒவ்வொரு இதழ் மேலும். மருந்து வாங்கி மகளை வீட்டில் விட்டுவிட்டு, அரை நாள் விடுப்புச் சொல்லி நேரே பட்டறைக்குப் போனாள். தேக்குப் பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன. தச்சர் மரத்தூளைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அறுத்துட்டீங்களா?"

"இல்லம்மா, நாளைக்குத்தான்."

"அறுக்காதீங்க. தேக்கு வேணாம். முதல்ல குளியலறைக் கதவு. அதுக்கு என்ன மரம் நிக்கும்?"

"எந்த மரமும் நிக்காதும்மா. ஃபைபர் போடுங்க. நிலையோட அடியும் போயிருக்கும், அதையும் மாத்தணும். பதினாலாயிரம் ஆகும்."

"போடுங்க. உள்தாழ்ப்பாள் ரெண்டு வைங்க, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அப்புறம் ரூம் கதவு ரெண்டு. அப்புறம் பின்கதவு. முன்கதவு நல்லாத்தான் இருக்கு, பூட்டை மட்டும் மாத்துங்க."

தச்சர் தலையைச் சொறிந்தார். "அட்வான்ஸை இதுல கழிச்சுக்கலாம். ஆனா சார் வந்து கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"பணம் சம்பாதிச்சவ வந்து சொன்னான்னு சொல்லுங்க. இன்னும் ஏதாவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க."

எட்டாம் நாள் சாயங்காலம் கணவர் கடையிலிருந்து வந்தார். தேக்கைப் பார்க்க ஆவலாக வந்தவர் வாசலில் அதே பழைய கதவைக் கண்டார். உள்ளே வந்தார். ஹாலுக்கு எதிரே வெள்ளை வெளேரென்று ஒரு ஃபைபர் கதவு, நிலையோடு ஒட்டிச் சாத்தியிருந்தது. அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

"யாரைக் கேட்டு மாத்தினே? அண்ணன் அடுத்த மாசம் வர்றாரு. வாசல்ல இருக்கிற அந்தப் பழைய கதவைத் தாண்டித்தான் அவரு உள்ள வரணுமா?"

"உங்க அண்ணன் வந்தா வாசல்லயே நின்னு பார்த்துட்டுப் போகட்டும்!" அவள் பரிசோதனைத் தாளை அவர் முன்னால் வீசினாள். "படிங்க. உங்க பொண்ணோடது. அடக்கி அடக்கிச் சீழ் பிடிச்சிருக்கு. நீங்க ஊருக்குக் காட்டப் பூ செதுக்கச் சொல்லிட்டு வந்தீங்க, இவ இங்க ரெண்டு விரல் சந்துக்குப் பயந்து தண்ணி குடிக்காம கிடந்தா. வெட்கமா இல்ல?"

அவர் தாளைப் படித்தார். அதில் எழுதியிருந்தது பாதி புரியவில்லை. புரிந்த பாதியே அவரை நாற்காலியில் உட்கார வைத்தது. பிறகு மெதுவாகத்தான் கேட்டார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது. உளுத்துப் போச்சு, அசிங்கமா இருக்குன்னுதானே சொன்னே? இவ்வளவு கஷ்டம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நீயும் இதே வீட்லதானே இருக்கே, உனக்கு அப்படி ஒண்ணும் கஷ்டம் இல்லையே?"

அவள் திட்ட வாயெடுத்தாள். அதற்குள் அறை வாசலில் நின்ற மகள் பேசிவிட்டாள்.

"அம்மா வேலை முடிஞ்சு லேப்லயே போயிட்டுத்தாம்ப்பா பஸ் ஏறுவாங்க. லீவு நாள்ல வீட்ல இருந்தா, நீங்க வெளிய போற வரைக்கும் டீ கூடக் குடிக்க மாட்டாங்க. நான் சின்னப் புள்ளையில இருந்து பார்க்கிறேன். பெரியவங்களானா பொம்பளைங்க அப்படித்தான் இருக்கணும்னு நெனச்சேன்."

மகளுக்கு அடக்கக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று ஊசியக்காவுக்கு உறைத்தது. அதற்கு மேல் அவளால் கணவரைத் திட்ட முடியவில்லை.