பிரேக் மிதிக்காத மயிலம்மாள்

கோலா சாவா பக்கத்துத் தோட்டங்களில் மயிலம்மாள் கை நீட்டாதது அவளுடைய காரின் கியர் மீது மட்டும்தான். தாலி கட்டியவனின் தோளை உரமூட்டைக் கொக்கியால் கிழித்தவள் அவள். அவன் தம்பின் பட்டணத்துக்கு ஓடினான், திரும்பவில்லை. அதுவரை அடித்துக்கொண்டிருந்தவன் அவன்தான் என்பதை ஊர் வசதியாக மறந்துவிட்டது. முரட்டுப் பொம்பளை என்ற பெயர் மட்டும் நின்றது. அதிலும் ஒரு லாபம்: தொழிற்சாலைப் பெண்களை அவள் சிரம்பானுக்கு ஏற்றிச்செல்லும் பழைய சாகா காரின் பக்கம் எந்த ஆணும் வம்புக்கு வந்ததில்லை.

ஊரே ஆட்டோ கியருக்கு மாறிவிட்டது. அவள் மாறவில்லை. இறக்கத்தில் கிளட்சை மிதித்து, எண்ணெயைக் கொஞ்சம் கொடுத்து இஞ்சினை லேசாக உறுமவிட்டு, நான்கிலிருந்து மூன்றுக்கும் அங்கிருந்து இரண்டுக்கும் இறக்குவாள். பின்சீட்டில் தூங்குபவள் விழிக்கமாட்டாள். அவசரப்பட்டு நேரே ஒன்றில் போட்டால் சக்கரம் இறுகி வண்டி புரண்டுவிடும் என்பாள். மனிதர்களிடம் அவள் இவ்வளவு பொறுமை காட்டியதாகத் தகவல் இல்லை.

போன வறட்சியில் ஒரு பகல், பக்கத்து வீட்டு ரோகினி உதடு கிழிந்து, காதில் ரத்தம் வழிய ஓடிவந்து மயிலம்மாள் காரின் முன்சீட்டில் ஏறினாள். அவள் புருஷன் ஷங்கர் வாசலில் பாராங் கத்தியோடு நின்றான்.

"எங்க போவணும்?"

"எங்கயாச்சும் போங்கக்கா. இங்க மட்டும் திரும்பி வரக்கூடாது."

"போன மாசமும் இதத்தான் சொன்ன. மறுநாளே அவனுக்கு மீன் பொரிச்சிக்கிட்டு நின்ன."

ரோகினி கதவை இழுத்துச் சாத்தினாள். மயிலம்மாள் வண்டியை எடுத்தாள்.

செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் சடக்கு, தோட்டத்துச் சாலை. ஷங்கரின் பிக்அப் இடப்பக்கம் ஒட்டி வந்தது. ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறுகையால் கத்தியை வீசினான். கண்ணாடி நொறுங்கியது, ரோகினியின் முழங்கை எலும்பு தெரியப் பிளந்தது. சடக்கு குறுகியதும் அவன் பின்னுக்குப் போக வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வளைவிலும் மயிலம்மாள் பிரேக் போட்டாள், அவனும் போட்டான். அவள் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள்.

"புழுதில அவனுக்குச் சடக்கே தெரியல லா. நம்ம செவப்பு லைட்டப் பாத்துத்தான் ஓட்டுறான்," என்றாள், குழம்புக்கு உப்பு போதவில்லை என்பதைப் போல.

"அதுக்கு?"

"பெல்ட்டப் போடு. முன்னால பெரிய வாய்க்கா."

வாய்க்கால் கரையில் சடக்கு சட்டென்று வலப்புறம் மடங்கும். மயிலம்மாள் பிரேக் பக்கமே காலைக் கொண்டுபோகவில்லை. மூன்றுக்கு இறக்கினாள், இஞ்சின் அலறியது. இரண்டு. யாரோ முதுகைப் பிடித்து இழுத்ததுபோல் வேகம் குறைந்து, கார் திரும்பியது. கியரால் வேகத்தைக் குறைத்தால் சிவப்பு விளக்கு எரியாது. பிக்அப் அதே வேகத்தில் நேராகப் பறந்து, எதிர்க்கரைச் செம்பனையில் மோதி, மூக்கு நசுங்கி வாய்க்காலுக்குள் சரிந்தது.

மயிலம்மாள் காரை நிறுத்தினாள். ஷங்கரின் கால் இரும்புக்கு அடியில் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சட்டையில் சில பற்கள் கிடந்தன. வாய் மட்டும் பழைய வாய்தான்.

"கிட்ட வாடி. வீட்டுக்கு வா, இருக்கு ஒனக்கு."

ரோகினி இறங்கினாள். மயிலம்மாள் கதவில் ஓங்கிக் குத்தினாள். "போவாத. ஏறுடி."

ரோகினி கரையிலேயே நின்று ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். இடத்தைப் பிசகில்லாமல் சொன்னாள். அடிபட்டவர் யார் என்று கேட்டார்கள் போலிருக்கிறது.

"தெரியாது," என்று மலாய் மொழியில் பதில் சொன்னாள். "யாரோ ஒருத்தர் மரத்தில மோதிட்டார்."

வாய்க்காலுக்குள்ளிருந்து அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். அவள் வந்து காரில் ஏறி, ரத்தம் சொட்டும் கையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி அப்புறம்க்கா. மொதல்ல போலீஸ்."